தற்போதைய பணி

அக்காவுக்குக் கிடங்கில் வைத்திருந்த பெயர் பூட்டக்கா. மருந்துப் பெட்டிகள் வண்டியேறும் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பெட்டியின் சீல் பிரியாமல் இருக்கிறதா, குளிரில் இருக்க வேண்டிய மருந்து ஐஸ் பையோடுதான் போகிறதா என்று பார்த்து அவள் தலையாட்டினால்தான் டிரைவர் சாவியைத் திருப்பலாம். ஒருமுறை முதலாளியின் மச்சானே வந்து அவசரம் என்று குதித்தபோதும், எல்லாப் பெட்டியையும் இறக்கிக் காட்டச் சொன்னவள். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அவளோடு கல்யாணத்துக்குக் கிளம்பினால் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர முடியும்.

அப்படிப்பட்டவள், ஊரே வந்து பார்க்கிற இடத்தில் ஒரு பொய்யை ஒட்டி வைத்துவிட்டுப் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். நான் அவள் தங்கை. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும்.

பதினாறு வருடம் அவள் உட்கார்ந்திருந்த கிடங்கைக் கம்பெனி ஒரு நாள் இழுத்து மூடியது. வேறு ஊரில் பெரிதாக ஒன்று கட்டியாகிவிட்டதாம்; அங்கே பெட்டிகளை இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். அக்காவையும் பில் போடுகிற பெண்ணையும் இன்னும் சிலரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, ஆளுக்கோர் உறையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உறையை நீட்டிய, ஆள் எடுப்பதையும் அனுப்புவதையும் பார்க்கும் பர்சனல் அதிகாரி, தொடர்பிலேயே இருங்கள் என்று வேறு சொன்னாராம். அக்கா சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் கிடங்குப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அத்தான் ஏ.சி. மெக்கானிக். வெயில் அடித்தால் அவர் போன் ஓயாது. மழை பிடித்துக்கொண்டால் அவரும் காயப்போட்ட சட்டை மாதிரி வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பார். என் சம்பளம் என் கைச்செலவுக்கே மூச்சு வாங்கும். அக்கா சம்பளத்தில்தான் வாடகை போய்க்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, இருக்கிறீர்களா காலி செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். காலி செய்தால் போக ஒரே இடம்தான் உண்டு. அது அத்தானின் அண்ணன் வீடு.

கல்யாணமான புதிதில் அக்கா கொஞ்ச காலம் அங்கே இருந்தவள். அவளுடைய ஓரகத்தி சண்டை போடுகிற ரகமில்லை. கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தை, அக்காவின் கண் முன்னாலேயே எடுத்து, சோப்புப் போட்டு மறுபடியும் கழுவுவாள். அவ்வளவுதான். ஆனால் தினமும். தனிக்குடித்தனம் வந்த அன்று, செத்தாலும் இனி அந்தச் சமையலறையில் கால் வைக்கமாட்டேன் என்றாள் அக்கா. இப்போது வேலை கிடைத்தால் இந்த வீடு, கிடைக்காவிட்டால் அந்தச் சமையலறை என்று ஆகிவிட்டது. அதனாலேயே வேலை போன விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறைதான்.

வேலையை இப்போதெல்லாம் போனில்தான் தேட வேண்டும் என்றார் அத்தான். இந்த ஞானம் அவருக்கு வீடியோக்களில் இருந்து வந்தது. நேர்முகத் தேர்வில் கையை எங்கே வைப்பது, எப்போது சிரிப்பது என்று கோட்டுப் போட்ட ஒருவர் நின்று வகுப்பெடுக்கும் வீடியோக்கள். பெரியத்தான், அதாவது அத்தானின் அண்ணன், குடும்பக் குழுவில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பெரிய கம்பெனியில் கணக்குப் பிரிவு அதிகாரி. விடிந்தால் எல்லாருக்கும் ஓர் உற்சாக வாசகம் அனுப்பாமல் பல் தேய்க்கமாட்டார். அண்ணன் அனுப்பினால் அதில் விஷயம் இருக்கும் என்று அத்தான் ஒன்றுவிடாமல் பார்த்து மனப்பாடம் செய்தார். முதல் பாடம், வேலையில் இருப்பவருக்குத்தான் வேலை கிடைக்கும் என்பது.

வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் கூடுகிற ஒரு தளத்தில் அக்காவுக்குப் பக்கம் திறந்தாயிற்று. ஆணி அடிக்காத ஒரே சுவர் குளியலறைப் பக்கம்தான் இருந்தது. அதற்கு முன்னால் அவளை நிறுத்தினோம். நான் இரவல் வாங்கி வந்த கோட்டு அவளுக்கு அரை அளவு பெரிது. பின்னால் துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்தேன். சிரி என்றால் அவளுக்குச் சிரிக்க வரவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்பவள் மாதிரி ஒரு படம் வந்தது. உங்களைப் பற்றி என்ற இடத்தில் "துடிப்பானவர்" என்று அத்தான் எழுதினார். நாற்பத்தாறு வயதில் நான் எதற்குத் துடிக்க வேண்டும் என்று கேட்டு அதை அழிக்கவைத்தாள். ஆனால் "தற்போதைய பணி" என்ற இடத்தில் பழைய கம்பெனியின் பெயர் நின்றது. முடிந்த தேதிக்கான கட்டத்தை அத்தான் காலியாகவே விட்டார்.

"பொய்தானேங்க இது?" என்று கேட்டாள் அக்கா.

"பொய் எங்க சொன்னோம்? சொல்லாம விடுறோம், அவ்வளவுதான்."

சீல் இல்லாத பெட்டியை ஏற்றச் சொன்னது போல ஆகிவிட்டது அவள் முகம். ஆனாலும் தலையாட்டினாள். பயம் வந்துவிட்டால் பூட்டும் திறந்துதான் போகிறது.

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. அந்தத் தளத்துக்கு அவளைப் பற்றி ஒரு மண்ணும் புரியவில்லை. மருந்து என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவர் வேலை இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டது. வண்டி என்று பார்த்துவிட்டு கிரேன் ஓட்டக் கூப்பிட்டது. சமையலறையில் நின்றாலும் துணி மடித்தாலும் போன் இடுப்பில் இருக்கும். அது சிணுங்கினால் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போடும். "உங்கள் பக்கத்தை ஒருவர் பார்த்தார்" என்று வரும். யார், எதற்கு, பார்த்துவிட்டு ஏன் பேசாமல் போனார் என்று அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. விண்ணப்பித்த இடங்களில் இருந்து வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தால்கூட நிம்மதியாக இருந்தது. பதிலே வராததுதான் அவளைத் தின்றது. வெயில் நாளிலேயே அத்தானின் சாப்பாட்டுத் தட்டில் அளவு குறைந்ததை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார், கேட்கவில்லை.

கூடவே வேலை இழந்த பில் போடுகிற பெண் வேறு மாதிரி செய்தாள். அந்தத் தளத்தில் தன் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையத்தைப் போட்டுக்கொண்டு, எனக்கு வேலை போய்விட்டது, உடனே ஒரு வேலை வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பட்டென்று எழுதிவிட்டாள். அக்கா அவளைப் போனில் பிடித்து, இப்படியா நாலு பேர் பார்க்கக் கையேந்துவாய் என்று காய்ச்சி எடுத்தாள். அந்தப் பெண் சரி அக்கா என்றாளாம். ஆனால் பச்சை வளையத்தை எடுக்கவில்லை.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தபோது ஒரு செய்தி வந்தது. தடுப்பூசிகளைக் குளிர்பதனத்தில் வைத்து அனுப்பும் ஒரு கிடங்கின் மேலாளர், உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது, வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார். அக்கா அதை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. எனக்கும் படித்துக் காட்டினாள். வேலை கிடைத்தேவிட்டது போல அத்தான் கடைக்கு ஓடி, கேட்காமலே ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தார்.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது வாஷிங் மெஷின் மேல்தான். அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்தோம். நான் மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான், மறந்துவிடக் கூடாது என்று, பாடங்களைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, போனுக்குப் பின்னால் நின்று காட்டிக்கொண்டிருந்தார்.

மேலாளர் நல்ல மாதிரி. அக்காவின் வயதுதான் இருக்கும். வண்டி பழுதாகி வழியில் நின்றால் என்ன செய்வீர்கள், குளிர் விட்டுப்போன பெட்டி திரும்பி வந்தால் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். அக்கா தாளைப் பார்க்கவே இல்லை. கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த முகத்தை வீட்டில் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்குக் கண் கலங்கி, விளக்கு ஆடியது. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. இப்போது வேலையில் இருக்கிறீர்கள்தானே?

அக்கா போனுக்குப் பின்னால் நின்ற அத்தானைப் பார்த்தாள். ஆமாம் என்றாள்.

எப்போது வந்து சேர முடியும் என்றார் மேலாளர். அத்தான் அடுத்த தாளைத் தூக்கிக் காட்டினார். உடனே வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆள் காய்ந்து கிடக்கிறார் என்று நினைப்பார்கள் என்பது வீடியோக்காரரின் கட்டளை.

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணுங்க," என்றாள் அக்கா.

மேலாளரின் முகம் வாடியதைப் போனின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அவர்களிடம் இருந்தவர் திடீரென்று நின்றுவிட்டாராம். சரக்கு வாசலில் நிற்கிறதாம். சீக்கிரம் விடச் சொல்லி நானே உங்கள் மேலதிகாரியிடம் பேசட்டுமா என்று அவர் கேட்டார். அத்தான் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. அடுத்த தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"வேணாங்க, நானே கேட்டுச் சொல்றேன்," என்றாள் அக்கா.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வேற யாராவது வந்து நின்னா, நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இல்லாத வேலையிலிருந்து, இல்லாத அதிகாரியிடம், சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்க வேண்டும்! இப்போதே கூப்பிட்டு உண்மையைச் சொல் என்றேன் நான். அத்தான் ஒரேயடியாக மறுத்தார். நாளைச் சாயங்காலம் கூப்பிட்டு, பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள், விடிந்ததும் வருகிறேன் என்று சொல்லலாம். இன்றைக்கே சொன்னால் சந்தேகம் வரும். தேவைப்பட்டால் அந்த அதிகாரியாக நானே பேசுகிறேன் என்றும் சொன்னார். அவர் ஏ.சி. கம்ப்ரசரைப் பற்றிப் பேசும்போதே இரண்டு வரிக்கு ஒரு தடவை இருமுகிறவர். நான் வாயைத் திறந்தேன். அக்கா எங்கள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் போன் சிணுங்க ஆரம்பித்தது. நின்றபாடில்லை. அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்த தேதி அன்றைக்கு. தளம் தானாகவே அவளுக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அறிவித்துவிட்டது: இவர் தற்போதைய பணியில் பதினாறு ஆண்டுகளை நிறைவு செய்கிறார், வாழ்த்துங்கள்!

வாழ்த்தினார்கள். கை தட்டினார்கள், பூங்கொத்து போட்டார்கள். உறையைக் கொடுத்து அனுப்பிய அந்தப் பர்சனல் அதிகாரிகூட, மேலும் பல்லாண்டு தொடர வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். எங்கோ ஒரு பொத்தானைத் தட்டியிருப்பார், யாருக்கென்று பார்த்திருக்கக்கூட மாட்டார். அந்தக் கணத்தில் அவர் மட்டும் எங்கள் பல் மருத்துவமனைக்கு வந்திருந்தால் அடுத்த வருஷத்துக்குத்தான் நேரம் கொடுத்திருப்பேன். முதல் ஆளாக வாழ்த்தியவர் பெரியத்தான். அடுத்து ஓரகத்தி, அவள் பெரிய பூங்கொத்தாகவே போட்டிருந்தாள். அந்தக் கிடங்கு மேலாளர் இதைப் பார்த்திருப்பாரா, பழைய ஆட்கள் யாராவது வந்து உண்மையைப் போட்டு உடைப்பார்களா என்று அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழிக்கலாம் என்றால் எங்கே அழுத்துவதென்று தெரியவில்லை. நான் மருத்துவமனைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால் பில் போடுகிற பெண் எழுதினாள். எல்லாரும் பார்க்க, பூங்கொத்துகளுக்கு நடுவில்.

"அக்கா, உங்களை மட்டும் திரும்பக் கூப்பிட்டாங்களா? சந்தோஷம் அக்கா. அங்க பில் போட ஆள் எடுப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்று அத்தான் தலையில் கைவைத்தார். அக்காவுக்கு அது காதில் விழுந்ததா தெரியாது. அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவி, நான் திட்டினதை மனசுல வெச்சுக்காம சந்தோஷம்னு எழுதியிருக்காளே," என்றாள். பிறகு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலாளருக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போய்விட்டது, வீட்டில்தான் இருக்கிறேன், நோட்டீஸ் என்று சொன்னதும் பொய், மன்னித்துவிடுங்கள், இன்றைக்கே வரச் சொன்னாலும் வருகிறேன்.

"நீங்க நேத்தே இதைச் சொல்லியிருந்தா, இன்னிக்குக் காலையிலேயே வாங்கன்னு சொல்லியிருப்பேனே," என்றார் மேலாளர். "வேலை இல்லாம வீட்ல இருந்த ஒருத்தர் விடிஞ்சதும் வந்து நின்னாரு. அவரைச் சேத்துக்கிட்டேன்."

அந்த வாழ்த்துகளைப் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டாள். எந்த வாழ்த்து என்றார் அவர். அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம் என்றார். போனை வைத்த பிறகு அத்தான் தன் காலண்டர் தாள்களை எடுத்து நான்காகக் கிழித்தார். அவர் வாங்கி வந்த ஆப்பிள் யாரும் தொடாமல் மேஜையில் இருந்தது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழேயே பதில் எழுதினாள். இல்லம்மா, என்னையும் அனுப்பிவிட்டார்கள். நானும் உன்னைப் போல வீட்டில்தான் இருக்கிறேன். வேலையில் இருப்பதாகப் போட்டிருந்தது தப்பு. எனக்கும் வேலை வேண்டும். உன்னை அன்றைக்குத் திட்டியிருக்கக் கூடாது.

காலையில் பொய்யைக் கொண்டுபோன அதே தளம், உண்மையையும் வாழ்த்தியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கைதட்டல் நின்றது. வெகு நேரம் சிணுங்கல் இல்லை. பிறகு பழைய வண்டி டிரைவர் ஒருவர் எழுதினார்: "இந்தம்மா கொட்டுற மழையில என் மொத்த லோடையும் இறக்கிக் காட்டச் சொன்னவங்க. யாராவது வேலைக்கு எடுத்துக்குங்க. உங்க டிரைவருங்க பாடு பாவம்தான்." அக்கா அதைப் படித்துச் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. ஓரகத்தி. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வேலையும் இல்லை, வீடும் கைவிட்டுப் போகப்போகிறது. இனி அந்தச் சமையலறைதான் என்று அவள் நினைத்தது எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டாள். தனியாகக் கேட்கத் தைரியமில்லை.

ஓரகத்தி முதலில் மூக்கை உறிஞ்சினாள். நீ எழுதினதைப் பார்த்தேன் என்றாள். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்க பெரியத்தானும் வீட்லதான் இருக்காரு. போன மழைக்காலத்துலேர்ந்து. யார்கிட்டயும் சொல்லல. அந்தத் தளத்துல அவரோட பக்கத்துலயும் இன்னும் வேலையில இருக்கிறதாத்தான் போட்டிருக்கு. அந்த வீடியோவெல்லாம் தனக்காகத்தான் பாத்தாரு."

அத்தான் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

இந்த மாதத்தோடு அவர்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவது என்று தெரியாமல் இருந்தார்களாம். காலையில் பதினாறு வருஷம் என்று பார்த்ததும், இவளாவது நிலையாக இருக்கிறாளே, இவள் வீட்டில் ஓர் அறை கேட்கலாம் என்று பெரியத்தானுக்குத் தெரியாமல் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாளாம். அப்போதுதான் அக்கா எழுதிய பதில் வந்ததாம்.

"இப்ப எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல," என்றாள் ஓரகத்தி. கொஞ்சம் நிறுத்தி, "நான் உன் பாத்திரத்தைத் தொடமாட்டேன்," என்றாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாத்திரத்தை மறுபடி கழுவியது அக்காவுக்கு வலித்தது என்று இத்தனை வருஷமும் ஓரகத்திக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அக்காவுக்கு அழுகை வந்தது, எனக்கும் வந்தது. எதற்கென்று கேட்டால், எல்லாவற்றுக்கும்தான்.

"தொடுங்க அக்கா. கழுவுங்க. கிளம்பி வாங்க. ரெண்டு வீட்டுக்கு எதுக்கு வாடகை," என்றாள் அக்கா. "பெரியத்தானை வேலை முடிஞ்ச தேதியை நிரப்பச் சொல்லுங்க. காலியா விட வேணாம்."

வீட்டுக்காரருக்கு, நாங்கள் இருக்கிறோம், இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள் என்று அப்போதே செய்தி அனுப்பினாள். அந்த ஒரு வாடகைதான் எங்கிருந்து வரும் என்று அத்தான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அக்கா தன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தைப் போட்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து, சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தாள்.